பீலஃபெல்ட் என்று ஒரு ஊரே இல்லையாமே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஆடி மாதம் மதுரையிலிருந்து ஒருவர் அழைத்தார். உறவு வழியில் எப்படியோ என் எண் கிடைத்திருக்கிறது. அவர் மகளுக்கு ஜெர்மனியில் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்து, கடிதமும் வந்துவிட்டது. விமான டிக்கெட் போடப் போகும் நேரத்தில் பையன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்படி ஒரு ஊரே கிடையாதாம்" என்று சொல்லிவிட்டான். "தம்பி, நீங்க அங்கதான் இருக்கீங்களாமே, நிஜமாவே ஊர் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மாவின் குரல்: "அவரும் ஏஜென்ட் ஆளா இருந்தா?"

ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் அழைப்பிலும், இங்கே புதிதாக வரும் மாணவர்களிடமும், பக்கத்து ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்குப் போனால் அங்கேயும் இதே கேள்விகள்தான். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்ற வேண்டாம் என்று எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஊர் இருக்கா, இல்லையா?"

இருக்கிறது. ஜெர்மனியின் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், டொய்டோபுர்க் காட்டு மலையை ஒட்டி இருக்கிறது. 1214இல் உருவான நகரம். இன்றைக்கு 3.3 லட்சத்துக்கும் மேல் மக்கள். ஒரு காலத்தில் லினன் துணிக்குப் பேர் போன நெசவாளர் ஊர். நெசவாளருக்குச் சிலையே உண்டு. குன்றின் மேல் ஸ்பாரன்புர்க் என்று ஒரு பழைய கோட்டை. கேக் செய்கிறவர்களுக்குத் தெரிந்த டாக்டர் ஊட்கர் பேக்கிங் பவுடர் இந்த ஊர்ச் சரக்கு. பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கியது. கான்கிரீட்டில் கட்டிய ஒரே ராட்சதக் கட்டடம். வெளியே மழை கொட்டினாலும் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு நனையாமல் போகலாம்.

"அப்ப இல்லைன்னு கிளப்பி விட்டது யாரு?"

ஆஹிம் ஹெல்ட் என்பவர். அப்போது கீல் நகரத்தில் கணினி அறிவியல் மாணவர். 1993இல் ஒரு மாணவர் விருந்தில் ஒருவர் தான் பீலஃபெல்ட்காரர் என்று சொல்ல, கேட்டவர் ஜெர்மனில், "அது கிடையவே கிடையாதே!" என்றிருக்கிறார். ஜெர்மனில் இது நம் "சான்ஸே இல்ல!" மாதிரி. ஆச்சரியத்தில் சொல்வது. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால்தான் 'அப்படி ஒன்று இல்லை' என்று அர்த்தம். அங்கிருந்தவர்கள் சொல்லுக்குச் சொல்லே எடுத்துக்கொண்டார்கள். பிறகு நெடுஞ்சாலையில் வரும்போது, வேலை நடந்ததால் பீலஃபெல்ட் போகும் வழி மூடப்பட்டு, பலகையில் ஊர்ப் பெயர் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்ததையும் பார்த்தார்கள். போதாதா?

1994 மே 16 அன்று ஹெல்ட் இதை ஒரு முழுக் கதையாக்கி, அந்தக் கால இணையத்தின் யூஸ்நெட் குழு ஒன்றில் போட்டார். பீலஃபெல்ட் என்ற ஊர் கிடையாது. 'அவர்கள்' அப்படி ஒரு ஊர் இருப்பதாக நம்மை நம்பவைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது கதை. ஜெர்மனில் இந்த 'அவர்கள்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுவது இன்றுவரை வழக்கம். யார் அந்த 'அவர்கள்' என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

"அது என்னமோ மூணு கேள்வி கேப்பாங்களாமே?"

ஆமாம், விளையாட்டின் உயிரே அதுதான். பீலஃபெல்ட்காரர் யாரையாவது உனக்குத் தெரியுமா? நீ பீலஃபெல்டுக்குப் போயிருக்கிறாயா? போய்வந்த யாரையாவது தெரியுமா? பெரும்பாலானவர்கள் மூன்றுக்கும் இல்லை என்பார்கள். "பார்த்தாயா!" என்று ஆரம்பித்துவிடலாம்.

எனக்குத் தெரியுமே என்று யாராவது சொன்னால் ஆட்டம் முடிந்துவிடாது, சூடு பிடிக்கும். "அப்படியானால் நீயும் அவர்கள் ஆள்" அல்லது "பாவம், உன் மூளையை மாற்றிவிட்டார்கள்." நான் ஒன்பது வருடமாக இரண்டாவது வகையில் இருக்கிறேன்.

"ஏன் பீலஃபெல்ட்? மியூனிக் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

மியூனிக்குக்குப் போகாதவர் யார்? சட்டென்று மறுத்துவிடுவார்கள். அதற்காக ஒரு குக்கிராமத்தை இல்லை என்று சொன்னால், இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். இந்த ஊரோ பேர் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் கண்ணை மூடினால் ஒரு படமும் வராத ஊர். தனி உச்சரிப்பு இல்லை, உலகம் பார்க்க வரும் கோபுரம் இல்லை. பெர்லினிலிருந்து கொலோனுக்கு ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும் ஊர்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? பொய் சொல்றது ஒரு காமெடியா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்கு மூத்தவர்கள். நியாயமான கேள்வி.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனை நமக்குத் தெரியும். அவனிடம், "நாலாவது கால் இதோ இருக்கிறதே" என்று காட்டினால் என்ன சொல்வான்? "அது ஒட்டவைத்த கால்" என்பான். யார் ஒட்டவைத்தது என்றால், "அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்பான். நிஜச் சதிக்கதைகள் எல்லாமே இந்த ஒட்டவைத்த காலில்தான் ஓடுகின்றன. ஆதாரம் இல்லையென்றால் மறைத்துவிட்டார்கள். எதிர் ஆதாரம் இருந்தால் உருவாக்கிவிட்டார்கள். மதுரை அம்மா கேட்டாரே, "அவரும் ஏஜென்ட் ஆளா இருந்தா?" என்று, அதே இயந்திரம். அவர் பயத்தில் கேட்டார். ஹெல்ட் அந்த இயந்திரத்தைக் கழற்றி, ஒன்றுக்கும் உதவாத ஒரு வேலைக்கு ஓட்டிக் காட்டினார்.

ஒன்றுக்கும் உதவாத என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நகரத்தையே பொய்யாக நடத்த எத்தனை செலவு! 3.3 லட்சம் பேருக்குச் சம்பளம், டிராம் வண்டி, கால்பந்து அணி, பேக்கிங் பவுடர். எல்லாம் எதற்கு? அதுதான் யாருக்கும் தெரியாது. சதியின் அளவுக்கும் லாபத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருப்பதில்தான் சிரிப்பு. பல்கலைக்கழகக் கட்டடம் உண்மையில் வேற்றுக்கிரகவாசிகளின் விண்கலம் என்பது ஒரு கிளைக்கதை. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு விளக்கோடு அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வரும்.

"ஊர்க்காரங்களுக்குக் கோபம் வரலையா? மாநகராட்சி சும்மாவா இருந்தது?"

முதலில் கொஞ்சம் தடுமாறினார்கள். 1999இல் மாநகராட்சி, 'பீலஃபெல்ட் இருக்கத்தான் செய்கிறது!' என்று ஒரு பத்திரிகை அறிக்கை விட்டது. எந்தத் தேதியில்? ஏப்ரல் 1. ஊர் இருப்பதை மறுக்க இதைவிட நல்ல ஆதாரம் யாரும் கொடுத்திருக்க முடியாது.

அப்புறம் புத்தி வந்தது. 2014இல் ஊரின் 800ஆவது ஆண்டு விழாவுக்கு வைத்த வாசகம், விருந்தில் சொன்ன அதே "அது கிடையவே கிடையாதே!" கேலியை எதிர்த்துக் கத்தினால் அது கூடும், தோளில் தூக்கி வைத்துக்கொண்டால் பாதி நம்முடையதாகிவிடும் என்று கண்டுகொண்டார்கள்.

"பத்து லட்சம் யூரோ பரிசுன்னாங்களே, யாருக்காவது கிடைச்சுதா?"

கதைக்கு 25 வயதான 2019இல் நடந்தது. ஆகஸ்ட் மாதம் நகரத்தின் விளம்பரப் பிரிவு அறிவித்தது: பீலஃபெல்ட் இல்லை என்று மறுக்க முடியாதபடி நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ. செப்டம்பர் 4 வரை கெடு. சுமார் 2,000 பேர் உலகம் முழுவதிலிருந்தும் எழுதினார்கள். சிலர் கணிதச் சூத்திரம் போட்டார்கள், சிலர் சரித்திரம் தோண்டினார்கள்.

யாருக்கும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? பரிசு கொடுக்க ஊர் இருக்க வேண்டும். இருந்தால் நிரூபணம் பொய். ஊர் இல்லையென்று நிரூபித்துவிட்டால் காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது? முடிவில் கதை முற்றுப்பெற்றதாக அறிவித்து, ஹெல்டையே வரவழைத்துப் பழைய நகரப் பகுதியில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கல்லைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது என்ன தெரியுமா? "ஏதோ மறைக்கத்தான் இந்தக் கல்லை வைத்திருக்கிறார்களோ?"

"மெர்க்கலே அந்த ஊர் இல்லைன்னு சொன்னாங்களாமே?"

அப்படிச் சொல்லவில்லை. 2012 நவம்பரில், ஜெர்மனியின் சான்சலராக (நம் பிரதமர் மாதிரி) இருந்தபோது, பீலஃபெல்டில் தான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகையில், அப்படி ஒரு ஊர் இருந்தால், என்று ஒரு வார்த்தை போட்டார். கூட்டம் சிரித்தது. தான் அங்கே போய்வந்ததாகத்தான் ஞாபகம் என்றும் சேர்த்துக்கொண்டார். அதிகம் சிரிக்காதவர் என்று பேர் வாங்கிய ஒருவர் சொன்னதால்தான் அது இன்னும் சுற்றுகிறது.

"வேற நாட்டுலயும் இந்த மாதிரி உண்டா?"

நிறைய உண்டு. இத்தாலியில் மோலிசே. 1963இல் அப்ருட்ஸோவிலிருந்து பிரிந்த சின்ன மாநிலம், மூன்று லட்சம்கூட இல்லாத மக்கள். 'மோலிசே இல்லை' என்பது அங்கே தேசிய ஜோக். பிரேசிலில் ஆக்ரி மாநிலம். 1903இல் பொலிவியாவிடமிருந்து ஒப்பந்தம் போட்டு வாங்கிய அமேசான் ஓரத்துப் பகுதி. அது இல்லை என்பார்கள். இருந்தாலும் அங்கே டைனோசர்தான் மேய்கிறது என்பார்கள். ஒரு நாட்டையே இல்லாமல் செய்த கதையும் உண்டு. ஃபின்லாந்து இருப்பதாக வரைபடத்தில் காட்டும் இடத்தில் வெறும் கடல்தானாம். யாரும் கேட்காமல் மீன் பிடிக்க ஜப்பானும் சோவியத் யூனியனும் சேர்ந்து இட்டுக்கட்டிய நாடாம்.

ஆனால் இவற்றைப் பீலஃபெல்டோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் இல்லை. பீலஃபெல்ட் வசதியான ஊர். இல்லை என்று சொன்னால் அதற்கு வலிக்காது. மோலிசேயில் இளைஞர்கள் வெளியேறிக் கிராமங்கள் காலியாகின்றன. 2019இல், 2,000 பேருக்குக் குறைவான கிராமத்தில் வந்து குடியேறித் தொழில் தொடங்கினால் மாதம் 700 யூரோ வீதம் மூன்று வருடம் தருகிறோம் என்று அந்த மாநிலம் கூப்பிட்டது. அங்கே இருப்பவரிடம் போய் 'நீ இல்லை' என்றால் சிரிப்பு கொஞ்சம் கசக்கும்.

ஸ்பெயினில் தெருவேல் என்று ஒரு மாகாணம் இதைத் திருப்பியே போட்டது. அந்த மாகாணத் தலைநகரத்திலிருந்து நாட்டின் தலைநகர் மாட்ரிடுக்கு நேரடி ரயில்கூட இல்லை. எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று 1999இல் 'தெருவேல் இருக்கிறது' என்ற பெயரிலேயே ஒரு மக்கள் இயக்கம் தொடங்கினார்கள். 2019 நவம்பர் தேர்தலில் நாடாளுமன்றத்தில் ஒரு இடமும் பிடித்தார்கள். அடுத்த ஜனவரியில் பெத்ரோ சாஞ்செஸைப் பிரதமராக்கும் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அவர் 167-க்கு 165 என்று தப்பித்தபோது, அந்த 167இல் தெருவேலின் ஒரு வாக்கும் இருந்தது.

"பறவையெல்லாம் டிரோன்னு அமெரிக்காவுல ஊர்வலம் போறாங்களே, அவங்க நிஜமா நம்புறாங்களா?"

இல்லை. 2017 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரத்தில் பெண்கள் ஊர்வலம் நடந்தபோது, பீட்டர் மெக்கிண்டோ என்ற இளைஞர் சும்மா ஒரு அட்டையில் 'பறவைகள் நிஜமல்ல' என்று எழுதிக்கொண்டு போய் நின்றார். யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே கதை கட்டினார். வீடியோ பரவியது. கதையும் வளர்ந்தது: 1959 முதல் 2001 வரை அரசு 1,200 கோடிப் பறவைகளைக் கொன்றுவிட்டு, அவை போலவே பறக்கும் உளவு இயந்திரங்களை விட்டிருக்கிறது. மின்கம்பியில் உட்காருவது சார்ஜ் ஏற்ற. காரின் மேல் எச்சம் போடுவது வண்டியைப் பின்தொடர அடையாளம் வைக்க.

வேன், விளம்பரப் பலகை, சட்டை விற்பனை என்று கிட்டத்தட்ட ஐந்து வருடம் முகத்தில் சிரிப்பே இல்லாமல் நடித்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் ட்விட்டர் அலுவலகத்துக்கு முன்னால், 'பறவைச் சின்னத்தை மாற்று' என்று போராட்டமே நடத்தினார்கள். 2021 டிசம்பரில்தான் ஒரு பேட்டியில் இது நடிப்பு என்று ஒப்புக்கொண்டார். சதிக்கதைகளை நிஜமாக நம்பும் மனிதர்கள் நடுவே வளர்ந்தவர் அவர். அதனால்தான் அந்தத் தொனி அவ்வளவு சரியாக வந்தது என்று நினைக்கிறேன். எச்சம் விஷயம் மட்டும், என் சைக்கிள் சீட்டைப் பார்த்தால், முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை.

"ஏப்ரல் ஃபூலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

ஏப்ரல் ஃபூலுக்கு முடிவு உண்டு. பகல் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி, ஸ்விட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதாகக் காட்டியது. ஸ்பகெட்டி மரம் வளர்ப்பது எப்படி என்று கேட்டு மக்கள் தொலைபேசினார்கள். மறுநாள் எல்லாரும் சிரித்துவிட்டு மறந்தார்கள். பகடிச் சதிக்கதைக்கு அப்படி மறுநாள் கிடையாது.

தேதி தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1977இல் பிரிட்டனின் ஆங்லியா தொலைக்காட்சி, விஞ்ஞானிகளை ரகசியமாகச் செவ்வாய்க்குக் கடத்துகிறார்கள் என்று நிஜ ஆவணப்படம் போலவே ஒன்றை ஏப்ரல் 1க்காக எடுத்தது. ஒளிபரப்பு தள்ளிப்போய் ஜூன் 20இல்தான் வந்தது. ஜூன் மாதத்தில் யார் ஏப்ரல் ஃபூலை எதிர்பார்ப்பார்கள்? நம்பியவர்கள் இன்றும் நம்புகிறார்கள்.

"டைஹைட்ரஜன் மோனாக்சைடு ஆபத்துன்னு ஒரு ஃபார்வர்டு வந்தது. அதுவும் இந்த வகையா?"

பக்கத்து வீடு. இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்: தண்ணீர். 'மூச்சுக்குழாயில் போனால் சாவு, அமில மழையில் முக்கியப் பொருள், புற்றுநோய்க் கட்டியிலும் காணப்படுகிறது' என்று பட்டியல் போட்டிருப்பார்கள். பீலஃபெல்ட் கதையில் எல்லாமே பொய். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பேரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

1997இல் அமெரிக்காவின் ஐடஹோவில் 14 வயதுப் பள்ளி மாணவன் இதைக் காட்டித் தடை செய்யலாமா என்று 50 பேரிடம் கேட்டான். 43 பேர் செய்யலாம் என்றார்கள். 2004இல் கலிஃபோர்னியாவின் அலிசோ வியேஹோ நகர சபை, இந்த 'ரசாயனம்' பயன்படுகிறது என்று நுரைக் கோப்பைகளைத் தடை செய்ய விவாதம் வரை போய், கடைசியில் விழித்துக்கொண்டது. 2013 ஏப்ரல் 1 அன்று ஃப்ளோரிடாவில் வானொலி அறிவிப்பாளர்கள் இருவர், குழாயில் டைஹைட்ரஜன் மோனாக்சைடு வருகிறது என்று உண்மையைச் சொன்னார்கள். குடிநீர் அலுவலகத்துக்கு அழைப்புகள் குவிந்து, அவர்கள் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள்.

"நம்புறவனா, நடிக்கிறவனான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எழுத்தில் மட்டும் பார்த்தால் பல நேரம் முடியாது. 2005இல் நேதன் போ என்பவர் இதைச் சொன்னார்: கண்ணடிக்கும் பொம்மையைக்கூடப் போடாமல், பரிணாமத்தை மறுக்கும் படைப்புவாதிகளைப் பகடி செய்தால், அதை நிஜம் என்றே எடுத்துக்கொள்ளச் சிலர் இருப்பார்கள். 'போ விதி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

நேரில் என்றால் என்னிடம் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. மறுக்காதீர்கள், கூடச் சேர்த்துச் சொல்லுங்கள். "ஆமாம், பீலஃபெல்ட் மழைகூடப் போலியாம், மேலிருந்து குழாயில் விடுகிறார்களாம்" என்று ஒன்று எடுத்துவிடுங்கள். நடிக்கிறவனுக்குக் கண் மின்னும், "அந்தக் குழாயை யார் செய்தார்கள் தெரியுமா?" என்று தொடர்வான். நம்புகிறவன் எரிச்சல்படுவான், அவனுக்கு இது விளையாட்டு மைதானம் அல்ல, கோயில்.

இன்னொன்றும் கவனிப்பேன்: அந்த 'அவர்கள்' யார்? பீலஃபெல்டின் 'அவர்கள்' இன்றைக்குச் சி.ஐ.ஏ., நாளைக்கு வேற்றுக்கிரகம், நாளை மறுநாள் வேறு யாரோ. முகமே கிடையாது. 'அவர்கள்' என்ற இடத்தில் ஒரு சாதியோ மதமோ இனமோ வந்து உட்கார்ந்துவிட்டால் நான் எழுந்து போய்விடுவேன். சொல்கிறவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும்.

"பூமி தட்டைன்னு சொல்றவங்களும் தமாஷுக்குத்தானே?"

இரண்டு வகையும் உண்டு. கனடாவில் 1970இல் லியோ ஃபெராரி என்ற தத்துவப் பேராசிரியரும் ஆல்டன் நோவ்லன் என்ற கவிஞரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு தட்டைப் பூமிச் சங்கம் தொடங்கினார்கள். அது பகடி. உன் கண்ணால் பார்த்தாயா, யாரோ சொன்னதை நம்புகிறாயா என்று மனிதர்களைச் சீண்டுவதற்காக. இன்று வீடியோ போட்டுச் சண்டை பிடிப்பவர்களில் பலர் நிஜமாகவே நம்புகிறார்கள். ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன கைவைத்தியம் இங்கேயும் செல்லும்.

"விளையாட்டு வினையான கதை ஏதாவது உண்டா?"

உண்டு. ஜெர்மனியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. 1864இல் மோரீஸ் ஜோலி என்ற பிரெஞ்சு வழக்கறிஞர், பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து ஒரு நையாண்டி நூல் எழுதினார். செத்துப்போன அரசியல் சிந்தனையாளர்கள் மாக்கியவெல்லியும் மான்டெஸ்க்யூவும் நரகத்தில் பேசிக்கொள்வது போல. அவரைச் சிறையில் போட்டார்கள். அதில் யூதர்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்த நூலிலிருந்து பக்கம் பக்கமாகத் திருடி, பேசுபவரை மட்டும் மாற்றி, யூதர்கள் உலகை ஆளத் தீட்டிய சதித்திட்டம் என்று ஒரு போலி ஆவணத்தை யாரோ செய்தார்கள். 1903இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் வந்தது. 1921இல் லண்டன் டைம்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது திருட்டு என்று காட்டியது. நம்ப விரும்பியவர்கள் அதையும் ஒட்டவைத்த கால் என்றார்கள். நாஜிகள் அதை வைத்துப் பிரசாரம் செய்ததும் அதற்குப் பிறகு நடந்ததும் தெரிந்தவைதான்.

சின்ன அளவில் இன்னொன்று. 1967இல் லெனர்ட் லூயின் என்ற அமெரிக்க எழுத்தாளர், அமைதி வந்தால் நாட்டுக்கு நஷ்டம் என்று வாதாடும் ஒரு ரகசிய அரசு அறிக்கை போல நூல் எழுதினார். 1972இல் நான்தான் எழுதினேன், நையாண்டி என்று சொல்லியும்விட்டார். பிற்பாடு தீவிர வலதுசாரிகள் சிலர், இது அரசு ஆவணம்தானே, காப்புரிமை ஏது என்று அச்சடித்து விற்றார்கள். என் பொய்க்கு நான்தான் சொந்தக்காரன் என்று அவர் வழக்குப் போட வேண்டிவந்தது.

"நம்ம ஊர்ல இப்படி எதுவும் இல்லையா?"

ஊர் இல்லை என்று சொல்லும் ஜோக் எனக்குத் தெரிந்து இல்லை. நம் ஊர்க்காரரிடம் அதைச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்ப முடியுமா? ஆனால் அத்தனை பேரும் முகத்தைச் சுளிக்காமல் ஒரே பொய்யில் சேர்ந்து ஆடுவது நமக்கும் வரும். 2019 மே மாதக் கடைசியில், ஒரு சுத்தியல் படத்தின் கீழ் யாரோ விளையாட்டாக எழுதப்போக, வடிவேலு நடித்த நேசமணி கதாபாத்திரத்துக்குத் தலையில் அடிபட்டதாக உலகமே பிரார்த்தனை செய்ததே, அது. உடல்நிலை அறிக்கை, மருத்துவர் பேட்டி என்று ஆளாளுக்குச் சேர்த்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள், "யார் அவர், இப்போது எப்படி இருக்கிறார்?" என்று விசாரித்தார்கள். சதி மட்டும்தான் இல்லை.

"இதைக் குடும்ப குரூப்ல போட்டு விளையாடலாமா?"

வேண்டாம். ஜெர்மன்காரருக்கு இது ஜோக் என்று தெரிவது ஊர்ப் பெயரை ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பதால். அந்த அறிவு இல்லாத இடத்துக்கு வெறும் செய்தி மட்டும் போனால், மேலே சொன்ன மதுரை வீடு மாதிரி ஆகும். போலிக் கல்லூரி, போலி ஏஜென்ட் என்று நிஜமாகவே ஏமாந்தவர்கள் இருக்கும் நாடு நம்முடையது. அந்த அம்மாவின் சந்தேகம் முட்டாள்தனம் இல்லை. நண்பர்கள் வட்டத்தில், எதிரில் உட்கார்ந்து, முகம் தெரிய விளையாடுங்கள். மூன்றாவது நிமிடம் அவர்களும் சேர்ந்து புளுக ஆரம்பித்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

"பீலஃபெல்ட்காரர் யாரையாவது பார்த்தா இந்த ஜோக்கைச் சொல்லலாமா?"

சொல்லலாம். அவர் மெதுவாகச் சிரிப்பார். 1994க்குப் பிறகு பிறந்தவராக இருந்தால் வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டவர். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. மகனைப் பார்க்க வேறு ஊருக்குப் போய்வந்தால், "இந்தத் தடவை ஏழு பேர்" என்று கணக்குச் சொல்வார். ஹம் கோயிலில் ஒரு ஈழத்துத் தம்பி அன்னதான வரிசையில் எனக்கு வைத்திருக்கும் பெயரே தனி: "அண்ணை, இல்லாத ஊரிலயிருந்து வாறியள், உங்களுக்குச் சோறு போடலாமோ?"

ஜோக்குக்குப் பதில் கால்பந்து பேசிப் பாருங்கள். 2025இல் மூன்றாம் டிவிஷனில் ஆடிய எங்கள் ஆர்மினியா பீலஃபெல்ட், ஜெர்மன் கோப்பைப் போட்டியில் நான்கு முதல் டிவிஷன் அணிகளை வெளியேற்றிவிட்டு பெர்லின் இறுதிப் போட்டி வரை போனது. அரையிறுதியில் விழுந்தது நடப்புச் சாம்பியன் லெவர்குசன். இறுதியில் ஸ்டுட்கார்ட்டிடம் 4-2 என்று தோற்றோம். இல்லாத ஊருக்கு அது போதும்.

"கடைசியா ஒண்ணு. மதுரைப் பொண்ணு வந்து சேர்ந்துச்சா?"

வந்தாள். அக்டோபர் முதல் வாரம், ரயில் நிலையத்துக்கு நானே போய் அழைத்துவந்தேன். இறங்கியதும் வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டு, கேமராவைத் திருப்பி, நடைமேடையில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் இருந்த ஊர்ப் பெயரை நிதானமாகக் காட்டினாள். அப்பாவுக்குச் சந்தோஷம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போர்டு யாரு வேணா எழுதலாம். அந்தத் தம்பியைக் காட்டு" என்றார். என்னைக் காட்டினாள். "இவருதான் போன்ல பேசுனவரா?" என்று அவளிடமே கேட்டார்.